வீட்டுக் கணினியில் உள்ள கோப்புகளை முழுவதும் நகலெடுக்காமல் வெளியிலிருந்து திறப்பது எப்படி?

வரம்புக்கல் | திங்கள், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். நான் நில அளவையாளன். வீடு கல்லடியில் இருக்கிறது, வேலை அறை கல்முனையில் இருக்கிறது, அளக்கப் போகும் காணிகளோ சம்மாந்துறையிலிருந்து திருக்கோவில் வரை பரந்து கிடக்கின்றன. வீட்டு மேசைக் கணினியில் வருடி எடுத்த பழைய வரைபடங்கள், களப்புத்தகப் பக்கங்கள், ஆட்டோகேட் கோப்புகள், எல்லைக்கற்களின் ஒளிப்படங்கள் என்று 1.3 டெராபைட் சேர்ந்திருக்கிறது. என்னோடு வரும் மடிக்கணினியின் கொள்ளளவு 256 ஜிபி மட்டுமே.

இவற்றில் ஒரு பகுதி என் தகப்பனார் வரைந்தவை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அலுமாரியின் கீழ்த்தட்டுகளில் இருந்தவை எல்லாம் போய்விட்டன. மேல்தட்டில் எஞ்சியவற்றை வெயிலில் காயவைத்துப் பல வருடங்களாக ஒவ்வொன்றாக வருடி எடுத்தேன். சில காணிகளுக்கு எல்லையைக் காட்ட அந்தப் படங்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

சென்ற வியாழக்கிழமை திருக்கோவிலில் ஒரு வளவின் வேலியோரத்தில் இரண்டு அயலவர்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். 2009இல் அளந்த படம் வேண்டியிருந்தது. வீட்டுக்கு அழைத்து, கணினியைப் போட்டுக் கோப்புறையைத் தேடித் தரும்படி அம்மாவிடம் கேட்டேன். பதினைந்து நிமிடம் கழித்து அவர், "மனே, ஒரே பேரில மூண்டு கிடக்கு, எதைத் திறக்க?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வேலையை ஒத்திவைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

முழு ஒத்திசைவை ஏற்கனவே ஒரு மேகச் சேவையில் முயன்று பார்த்தேன். மடிக்கணினி நிரம்பியது. இடம் வேண்டும் என்பதற்காக மடிக்கணினியிலிருந்து சில கோப்புறைகளை அழித்தேன். அந்த அழிப்பும் ஒத்திசைந்து வீட்டுக் கணினியிலிருந்த 2011ஆம் ஆண்டுக் களப்புத்தகங்களையும் கொண்டுபோய்விட்டது. நான் கவனித்தபோது குப்பைத்தொட்டியில் வைத்திருக்கும் காலமும் கடந்திருந்தது. வெளி வன்தட்டு ஒன்றில் பழைய நகல் இருந்தபடியால் பெரும்பகுதி தப்பியது.

எனக்கு வேண்டியது இதுதான்: கோப்புகள் வீட்டிலேயே இருக்கட்டும், மடிக்கணினியிலும் போனிலும் பெயர்ப்பட்டியல் முழுவதும் தெரியட்டும், நான் தொடும் கோப்பு மட்டும் வந்தால் போதும். மாதக் கட்டணம் கட்டாமல் இதைச் செய்ய வழி இருக்கிறதா?

ஒலுவில் மாணவி | திங்கள், இரவு 9.42

வணக்கம் ஐயா. நீங்கள் கேட்பதற்கு மிக அருகில் வருவது ஒன்டிரைவ் சேவையின் "தேவைப்படும்போது கோப்பு" வசதி. 2017இலிருந்து விண்டோஸ் 10இல் அது இருக்கிறது. நீல மேகக் குறி உள்ள கோப்பு பெயராக மட்டும் உங்கள் கணினியில் இருக்கும். இருமுறை சொடுக்கினால்தான் இறங்கும். கூகுள் டிரைவின் கணினிச் செயலியிலும் "பிரதிபலி" என்பதற்குப் பதிலாக "ஓடையாக எடு" என்பதைத் தெரிவு செய்தால் அப்படியே நடக்கும்.

ஆனால் இரண்டிலும் மூலக்கோப்பு முதலில் அவர்களுடைய சேவையகத்துக்குப் போயிருக்க வேண்டும். கட்டணமில்லாத இடம் ஒன்டிரைவில் 5 ஜிபி, கூகுளில் மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிபி. உங்களிடம் இருப்பதோ 1.3 டெராபைட்.

வாவிக்கரை | திங்கள், இரவு 10.35

தம்பி வரம்புக்கல், உங்கள் தேவை தெளிவாக இருக்கிறது. பலர் "எல்லா இடத்திலும் கோப்பு வேண்டும்" என்றவுடன் ஒத்திசைவுக்குப் போய்விடுகிறார்கள். ஒத்திசைவு என்பது ஒரு கோப்பை எல்லாக் கருவிகளிலும் ஒரே நிலையில் வைத்திருக்கும் வேலை. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிவது அதன் இயல்பு, பிழை அன்று. நீங்கள் கேட்பது தொலைவிலிருந்து அணுகுவது. கோப்பு ஒன்றுதான், அது இருக்கும் இடமும் ஒன்றுதான், அந்த இடத்துக்குப் பாதைகள் மட்டும் பல.

அந்தப் பாதையை அமைப்பதில்தான் நம்முடைய இடத்தில் சிக்கல் வருகிறது. முன்னர் ரவுட்டரில் ஒரு கதவை (போர்ட்) திறந்துவிட்டு வெளியிலிருந்து நேரே வீட்டுக்கு வர முடிந்தது. இப்போது 4ஜி ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் அது நடக்காது, ஏனெனில் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் நீங்கள் பகிர்ந்த முகவரிக்குள் இருக்கிறீர்கள் என்று பொருள். அந்த எண் தொகுதி 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் எண்களையும் பயன்படுத்துகின்றன. 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்கின் சாதாரண வீட்டு இணைப்பும் இப்படித்தான். வெளியிலிருந்து வருபவருக்குத் தெருவின் பெயர் தெரியும், வீட்டு இலக்கம் தெரியாது.

உள்ளிருந்து வெளியே போகும் இணைப்புக்கு இந்தத் தடை இல்லை. டெயில்ஸ்கேல் போன்ற செயலிகள் அந்த வழியாகத்தான் வேலை செய்கின்றன. வீட்டுக் கணினி, மடிக்கணினி, போன் மூன்றிலும் அதை நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், மூன்றும் உள்ளிருந்து வெளியே பேசி ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. பின்னர் அவற்றுக்கிடையே வயர்கார்ட் மறைகுறியாக்கத்துடன் ஒரு தனிப்பாதை அமைகிறது. தனியாள் பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. வயர்கார்ட் புதிய பரிசோதனை முயற்சி என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 கருவிலேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது.

பாதை அமைந்தபின், வீட்டில் விண்டோஸ் கோப்புறையைப் பகிர்ந்துவிட்டால் கல்முனையிலும் அது பக்கத்து மேசையில் இருப்பதுபோல் தெரியும். பகிர்வுக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கிக் கடவுச்சொல் வையுங்கள்.

ஒன்றை மிகவும் வலியுறுத்துகிறேன். யாராவது உங்களுக்குப் பகிராத பொது முகவரி எடுத்துத் தந்து, விண்டோஸ் பகிர்வுக்கான 445ஆம் கதவை இணையத்துக்குத் திறந்துவிடச் சொன்னால் செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, அந்தப் பகிர்வு முறையின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி பரவியது. கணினித் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் 3389ஆம் கதவையும் அப்படியே திறக்காதீர்கள். தனிப்பாதைக்குள் மட்டும் பகிருங்கள்.

தோஹாவில் ஒரு களுவாஞ்சிக்குடியான் | செவ்வாய், காலை 6.20

வாவிக்கரை அண்ணன் சொன்னதை நான் இரண்டு வருடமாகச் செய்து வருகிறேன். வீட்டில் பிள்ளைகளின் படங்களும் என்னுடைய ஆவணங்களும் இருக்கின்றன. பாதை நன்றாக வேலை செய்கிறது. ஆயினும் ஆரம்பத்தில் நான் மிகவும் வெறுத்துப்போன ஒரு விடயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸ் பகிர்வு ஒரே கட்டடத்துக்குள் பயன்படுத்த உருவானது. ஒரு கோப்புறையைத் திறந்தால் அது ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் மறுமுனையிடம் கேள்வி கேட்கும். என்னிடமிருந்து வீட்டுக்குப் போய்த் திரும்ப ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 150 மில்லிசெக்கன் ஆகிறது. நானூறு படங்கள் உள்ள கோப்புறையில் ஒன்றுக்கு இரண்டு கேள்வி என்று வைத்தாலே இரண்டு நிமிடம் போய்விடும், அதுவும் ஒரு படமும் இறங்காமல். அதற்குமேல் விண்டோஸ் ஒவ்வொரு படத்துக்கும் சிறுதோற்றம் காட்ட முயன்று படத்தையே இழுக்கத் தொடங்கும். ஆகவே கோப்புறை அமைப்பில் "எப்போதும் சின்னத்தையே காட்டு, சிறுதோற்றம் வேண்டாம்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். கல்முனைக்கும் கல்லடிக்கும் இடையே 40 கிலோமீற்றர்தான் என்பதால் உங்களுக்கு இவ்வளவு தாமதம் வராது. ஆனால் 4ஜியில் தாமதம் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும்.

இரண்டாவது, தொலைவில் இருக்கும் கோப்பை அங்கேயே வைத்துத் திறந்து திருத்தாதீர்கள். மடிக்கணினிக்கு இழுத்து வைத்து, திருத்தி முடித்து, திருப்பிப் போடுங்கள். சேமிக்கும் அந்தக் கணத்தில் இணைப்பு அறுந்தால் பாதி எழுதப்பட்ட கோப்புத்தான் மிஞ்சும். எனக்கு ஒரு எக்செல் கோப்பு அப்படிப் போனது.

வரம்புக்கல் | செவ்வாய், இரவு 8.05

மிக்க நன்றி. நேற்றிரவே மூன்று கருவிகளிலும் நிறுவினேன். என் ரவுட்டர் காட்டும் முகவரி 100.81 என்றுதான் தொடங்குகிறது; இத்தனை நாள் ஏன் ஒன்றும் சரிவரவில்லை என்பது இப்போதுதான் விளங்கியது.

இன்று கல்முனையிலிருந்து முயன்றேன். கோப்புறைகள் தெரிகின்றன. ஆனால் ஒரு வரைபடத்தை இழுக்க ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகம் செக்கனுக்கு 4 மெகாபிட் அளவில்தான் இருக்கிறது. வெளியே நின்று எடுக்கும்போது வீட்டின் பதிவேற்ற வேகம்தான் என்னுடைய பதிவிறக்க வேகம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. இதே வேகத்தில் எல்லாவற்றையும் மேகத்துக்கு ஏற்றுவதாக இருந்தால் இரவும் பகலும் ஓடினாலும் ஒரு மாதம் பிடிக்கும்.

வாவிக்கரை | செவ்வாய், இரவு 8.31

ஒரு வரைபடம் எத்தனை மெகாபைட்? 4 மெகாபிட்டில் ஒன்பது நிமிடம் என்றால் 270, 280 வருகிறது. ஏன் இவ்வளவு பெரிது?

வரம்புக்கல் | செவ்வாய், இரவு 8.50

ஏ1 தாளை 600 புள்ளியடர்த்தியில் சாம்பல்நிறத்தில் வருடி, சுருக்காத டிஃப் கோப்பாக வைத்திருக்கிறேன். அகலத்தில் 14,000 புள்ளிகள், உயரத்தில் 19,800 புள்ளிகள். பெருக்கினால் 280 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. ஈரம்பட்டு மங்கிய கோடுகளையும் இழக்கக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தேன்.

வாவிக்கரை | செவ்வாய், இரவு 9.25

மூலத்தைத் தொடாதீர்கள். அந்தச் சாம்பல்நிறக் கோப்பு அப்படியே வீட்டில் இருக்கட்டும். அதன் பக்கத்தில் "பார்வைப் பிரதி" என்று ஒரு கோப்புறை உண்டாக்கி, ஒவ்வொரு படத்துக்கும் கறுப்பு வெள்ளை மட்டும் கொண்ட ஒரு பிரதியை "குழு 4" சுருக்கத்தில் செய்து போடுங்கள். தொலைநகல் இயந்திரங்களுக்காக வந்த சுருக்கம் அது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு என்ற வகைப் படத்தில் ஒரு புள்ளியும் இழக்காமல் வியக்கத்தக்க அளவு சுருக்கும். இர்ஃபான்வியூ செயலியில் ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே தடவையில் மாற்றலாம். கறைபடிந்த தாள்களில் கறை முழுவதும் கறுப்பாக வந்துவிடும். அவற்றை மட்டும் சாம்பல்நிறத்திலேயே 200 புள்ளியடர்த்தியில் ஜேபெக் ஆக்குங்கள். வேலியோரத்தில் நின்று பார்க்க அது போதும்.

எனது அனுபவத்தில், தொலைவிலிருந்து எடுக்கும் வேலையின் பாதி வீட்டிலேயே, கோப்பைத் தயார்செய்வதில்தான் இருக்கிறது.

மருதமுனைத் தறி | புதன், பிற்பகல் 2.15

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் குடும்பத்தில் நெசவுத் தொழில். சாரன், சேலைக் கரை வடிவங்கள் எல்லாவற்றையும் கணினியில் வைத்திருக்கிறோம். கொழும்புக்குச் சரக்கோடு போகும்போது நான் அவற்றை எடுக்க வேண்டியிருக்கும். எல்லோரும் இணைப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், மின்சாரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கோப்பு வீட்டில் இருக்கிறதென்றால் வீட்டில் ஒரு கணினி விழித்திருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது நான் கொழும்பில் ஒரு கடைக்காரர் முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன்.

மேசைக் கணினியை நாள் முழுவதும் ஓடவிடுவதை நிறுத்தினோம். ராஸ்பெரி பை 4 (சுருக்கமாக "பை") என்ற கையளவுக் கணினி ஒன்றில் வெளி வன்தட்டை இணைத்து, கோப்புகளை அதற்கு மாற்றினோம். அது சில வாட் மின்சாரத்தில் ஓடும். மின்கட்டணத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வன்தட்டுக்கு மட்டும் தனியாக மின் கொடுக்க வேண்டும், பையிலிருந்தே எடுத்தால் இடையில் நின்றுபோகும். பிறகு யூபிஎஸ். இங்கே பலர் செய்யும் தவறு, கணினிக்கு மட்டும் யூபிஎஸ் வைத்து ரவுட்டரை மறந்துவிடுவது. ரவுட்டர் நின்றால் கணினி ஓடியும் பயனில்லை. ரவுட்டருக்கென்று 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது.

மேசைக் கணினியையே வைத்திருக்க விரும்பினால், பயோஸ் அமைப்பில் "மின்சாரம் திரும்பினால் தானாக இயங்கு" என்ற தெரிவைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் உங்கள் தாயார் பொத்தானை அழுத்த வேண்டி வரும். தூங்கும் கணினியைத் தூரத்திலிருந்து எழுப்பும் வசதி ஒன்று உண்டு, ஆனால் அந்த எழுப்பும் செய்தி வீட்டு வலையமைப்புக்குள்ளிருந்தே ஒலிக்க வேண்டும். டெயில்ஸ்கேல் பாதை வழியாக நேரே அனுப்ப முடியாது. எழுப்புவதற்கு வீட்டில் இன்னொரு சிறு கருவி விழித்திருக்க வேண்டும் என்றால், கோப்புகளையே அந்தச் சிறு கருவியில் வைத்துவிடலாம்.

தோஹாவில் ஒரு களுவாஞ்சிக்குடியான் | புதன், இரவு 7.40

நானா சொன்ன பை அமைப்புக்குப் பொருத்தமான ஒன்றைச் சேர்க்கிறேன். அதில் விண்டோஸ் பகிர்வுக்குப் பதிலாக எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறை வழியாக அணுகி, மடிக்கணினியில் ஆர்குளோன் என்ற கட்டணமில்லாச் செயலியால் ஒரு டிரைவாக ஏற்றலாம். விண்டோஸில் வின்எஃப்எஸ்பி என்பதையும் நிறுவ வேண்டும். தற்காலிகச் சேமிப்பை "முழு" என்ற நிலையில் வைத்தால், ஒரு பெரிய கோப்பில் செயலி கேட்கும் பகுதி மட்டும் இறங்கும். இறங்கிய பகுதி மடிக்கணினியில் தங்கியிருப்பதால் மறுமுறை அது உடனே திறக்கும். சேமிப்புக்கு 20 ஜிபி என்று எல்லை போட்டுவிட்டால், நிறையும்போது பழையவற்றை அதுவே அகற்றும், வீட்டில் உள்ளது அப்படியே இருக்கும். இயல்பாக ஒரு மணித்தியாலம் மட்டுமே வைத்திருக்கும். நான் அதை ஒரு வாரமாக்கியிருக்கிறேன்.

பழைய தட்டச்சு | வியாழன், காலை 10.05

தம்பிமாரே, நான் ஓய்வுபெற்ற எழுதுவினைஞன். ஒரு ஐயம் கேட்கலாமா? பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதங்கள் என்னிடம் நூற்றுக்கணக்கில் உள்ளன. மகள் அமைத்துத் தந்த இதே வழியில் போனில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. கோப்பு பழுதாகிவிட்டதா?

ஒலுவில் மாணவி | வியாழன், காலை 10.40

இல்லை ஐயா, கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. பாமினியில் எழுதியவை உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே பதிவாகியிருக்கும்; எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. போனில் அந்த எழுத்துரு இல்லை. வீட்டுக் கணினியில் அவற்றைத் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமித்தால் எழுத்துருவும் கோப்போடு சேர்ந்து போகும், எந்தக் கருவியிலும் தெரியும். ஆனால் அப்படிச் செய்த பிடிஎஃப்பில் தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது. தேடவேண்டுமானால் ஒருங்குறிக்கு (யூனிக்கோடு) மாற்றுவதே வழி.

இதோடு தொடர்புள்ள ஒன்று, வரம்புக்கல் ஐயாவின் முதல் பதிவைப் படித்ததிலிருந்து என் மனதில் இருக்கிறது. உங்கள் தாயார் ஒரே பெயரில் மூன்று இருக்கின்றன என்றார் அல்லவா? ஒரே இடத்தில் ஒரே பெயரில் மூன்று கோப்புறைகளைக் கணினி அனுமதிக்காது. அந்தப் பெயர் என்ன?

வரம்புக்கல் | வியாழன், பிற்பகல் 12.15

"திருக்கோவில் 2009". நான் பார்த்தபோதும் மூன்றும் ஒரே மாதிரித்தான் இருந்தன. வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு கணினிகளில் பெயரிட்டவை.

ஒலுவில் மாணவி | வியாழன், பிற்பகல் 1.30

அப்படியானால் எனக்கு விளங்குகிறது. "கோ" என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதினால் "திருக்கோவில்" என்பது 12 குறிகள். ஏகாரக் கொம்பையும் அதன்பின் காலையும் தனித்தனியாக எழுதினால் 13 குறிகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இரண்டும் வேறு பெயர்கள். மெக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றித்தரும் சில செயலிகளும் பிரித்தே தருகின்றன. மூன்றாவதில் யாரோ காலுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டியிருக்கக் கூடும். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஒளகாரத்திலும் இதேபோல் ளகரத்தைச் சேர்த்து எழுதும் பழக்கம் நம்மிடையே மிகப் பரவலாக இருக்கிறது.

பிரித்து எழுதிய பெயரைச் சேர்த்து எழுதிய பெயராக மாற்றச் செயலிகள் உண்டு. ரகரம், ளகரம் போட்டவற்றை ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

நீளத்தையும் கவனியுங்கள். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆகவே 85 குறிகளோடு முடிந்துவிடும். காணி உறுதியின் இலக்கம், காணியின் பெயர், உரித்தாளர் பெயர் எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுபவர்கள் பைக்கு மாற்றும்போது சில கோப்புகள் போகாமல் நிற்பதைக் காண்பார்கள். விண்டோஸில் அதே பெயர் இடம்பெற்றிருக்கும், ஏனெனில் அது 255 என்ற எல்லையைப் பைட்டாகக் கணக்கிடுவதில்லை.

பழைய தட்டச்சு | வியாழன், பிற்பகல் 2.05

நன்றாக விளக்கினாய் மகள். நாற்பது வருடம் தட்டச்சு செய்தும் இது எனக்குத் தெரியாது. பிடிஎஃப் வேலையை இன்றே தொடங்குகிறேன்.

மருதமுனைத் தறி | வெள்ளி, இரவு 8.20

வாவிக்கரை அண்ணனோடு ஒரு விடயத்தில் நான் உடன்படவில்லை. "ஒரே இடம், பல பாதைகள்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெள்ளம் வந்து தொலைபேசிக் கோபுரங்கள் நின்றுபோகும் மாரிகாலத்தில் எந்தப் பாதையும் இராது. அடுத்த வாரத்தில் எந்தக் காணிக்குப் போகிறோம் என்பது அண்ணனுக்குத் தெரியும். அந்தக் கோப்புறைகளையாவது கையோடு வைத்திருக்க வேண்டும். கருவிகளுக்கிடையே நேரே ஒத்திசைக்கும் சிங்க்திங் செயலியில் விலக்கு விதிகளை எழுதி, "நடப்பு வேலை" என்ற ஒரு கோப்புறையை மட்டும் ஒத்திசைத்து, மற்றதெல்லாம் விலக்கலாம். எங்களுடைய கடையில் அப்படித்தான் செய்கிறோம்.

வாவிக்கரை | வெள்ளி, இரவு 9.15

நானா, நீங்கள் சொல்வது சரி. பத்து ஜிபி அளவில் ஒரு சிறு கோப்புறை ஒத்திசைந்து இருப்பதை நான் எதிர்க்கவில்லை. வேலை முடிந்ததும் அதை வெளியே நகர்த்த வேண்டும் என்ற ஒழுக்கம் இருந்தால் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் அந்தக் கோப்புறையே 200 ஜிபி ஆகிவிடும். ஒரே கோப்பை இரண்டு இடத்தில் திருத்தினால் சிங்க்திங் ஒன்றை முரண்பட்ட நகல் என்று பெயர்மாற்றி வைக்கும்; அழிக்காது. ஆனால் எல்லைத் தூரங்கள் மாறிய இரண்டு நகல்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் எதை நம்புவது என்ற கேள்வி வரும்.

பாதுகாப்பைப் பற்றியும் தம்பி கேட்காமலே சொல்கிறேன், ஏனெனில் இவை மற்றவர்களுடைய காணி உறுதிகள். மடிக்கணினியிலிருந்து வீட்டை அணுகும் பயனருக்குப் பழைய வரைபடக் கோப்புறையில் வாசிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள்; திருத்தியவற்றைப் போட "வரவு" என்று ஒரு கோப்புறையில் மட்டும் எழுத விடுங்கள். மடிக்கணினியில் பணம் பறிக்கும் நச்சுநிரல் புகுந்தாலும் அது தகப்பனாரின் படங்களை எட்டாது. நீங்களே தவறுதலாக அழிக்கவும் முடியாது. போன் தொலைந்தால் டெயில்ஸ்கேல் கணக்கில் நுழைந்து அந்தப் போனை நீக்கிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு இரண்டு படிச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். வீட்டுக் கருவிக்கு மட்டும் சாவிக் காலாவதியை நிறுத்திவையுங்கள். இயல்பாக 180 நாளில் அது மறுபடி நுழையச் சொல்லும். நீங்கள் பொத்துவிலில் நிற்கும் நாளில் அந்த 180ஆம் நாள் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்றும் உண்டு. கல்லடியில் ஒரே ஒரு வன்தட்டில் அவை இருக்கும் வரை, நாம் இங்கே அமைக்கும் எதுவும் அவற்றைக் காப்பாற்றாது. 2004இல் நடந்ததை நீங்களே எழுதினீர்கள். கடலிலிருந்து தள்ளி இருக்கும் உறவினர் வீட்டில், மறைகுறியாக்கிய இரண்டாவது வன்தட்டு ஒன்று இருக்க வேண்டும்.

வரம்புக்கல் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.30

நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேசைக் கணினியையே வைத்துக்கொண்டேன், ரவுட்டருக்கு 12 வோல்ட் யூபிஎஸ் வாங்கினேன். பை வாங்குவதை அடுத்த மாதத்துக்கு விட்டிருக்கிறேன். பார்வைப் பிரதிகள் செய்ய நான்கு இரவுகள் ஆயின. 280 மெகாபைட்டாக இருந்த ஒரு படம் கறுப்பு வெள்ளையில் 2 மெகாபைட்டுக்குள் வந்தது. தகப்பனாரின் படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கறையின் காரணமாக அப்படிச் சரிவரவில்லை. அவற்றைச் சாம்பல்நிறத்திலேயே விட்டேன்.

முதல் வாரத்தில் ஒரு தடங்கல் ஏற்பட்டது. மின்வெட்டுக்குப் பிறகு கணினி தானாக இயங்கியது, ஆனால் பாதை வரவில்லை. அம்மா கடவுச்சொல்லைத் தட்டிய பிறகே வந்தது. டெயில்ஸ்கேல் அமைப்பில் "ஆளில்லாதபோதும் இயங்கு" என்பதைப் போடாவிட்டால் யாராவது கணினிக்குள் நுழையும்வரை அது காத்திருக்கும் என்பதை அன்று கற்றேன். இப்போது சரியாக இருக்கிறது.

மூன்று "திருக்கோவில் 2009" கோப்புறைகளையும் ஒலுவில் தங்கை சொன்னபடி ஆராய்ந்தேன். ஒன்று சேர்த்து எழுதியது, ஒன்று பிரித்து எழுதியது, ஒன்றில் ரகரம் இருந்தது. ரகரம் இருந்ததில்தான் நான் தேடிய படம் கிடந்தது.

நேற்று மறுபடி அந்த வளவுக்குப் போனேன். வேலியோரத்தில் நின்று போனில் டெயில்ஸ்கேலைப் போட்டு, கோப்பு மேலாளரில் கோப்புறையைத் திறந்தேன். பெயர்ப்பட்டியல் வரச் சிறிது நேரம் எடுத்தது. படம் ஏழெட்டுச் செக்கனில் வந்தது. இரண்டு அயலவர்களும் என் இருபக்கமும் குனிந்து பார்த்தார்கள். வடகிழக்கு மூலைக்கல் கிணற்றிலிருந்து எத்தனை மீற்றர் என்று படத்தில் இருந்தது. நாடாவைப் பிடித்து, மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டியபோது கல்லின் தலை தென்பட்டது.

அங்கிருந்து வரும் வழியில் புதிய வன்தட்டு ஒன்று வாங்கினேன். இன்று காலை முழுப் பிரதியும் எடுத்து, பூட்டி, செங்கலடியில் இருக்கும் தங்கை வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மருதமுனைத் தறி | ஞாயிறு, இரவு 9.05

மாஷா அல்லாஹ். பை வாங்கப் போகும்போது சொல்லுங்கள் அண்ணன், வன்தட்டு மாற்றும் நாளில் நான் கல்முனைக்கு வருகிறேன்.

வரம்புக்கல் | ஞாயிறு, இரவு 9.12

கட்டாயம் சொல்கிறேன் நானா. அதற்கு முன் 255 பைட்டைத் தாண்டிய பெயர்களைச் சுருக்க வேண்டும். இன்றுவரை எண்ணியதில் 63 இருக்கின்றன.